சீட்டுப் போடலாமா, எடுக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணக்கு எழுதும் வேலையில் இருப்பதால், அக்கம்பக்கத்தில் யார் சீட்டுச் சேர்ந்தாலும் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்துவிடுவார்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, நான் சொல்லும் பதில்களையும் சேர்த்திருக்கிறேன். இதில் பேசுவது தமிழ்நாட்டில் நடக்கும் மாதாந்திர ஏலச்சீட்டைப் பற்றி. நகைக்கடைச் சீட்டும் தீபாவளிச் சீட்டும் வேறு வகை. அவற்றுக்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

"சீட்டும் பேங்க் ஆர்டி மாதிரிதானே அக்கா? மாசாமாசம் கட்டறோம், கடைசியில வாங்கறோம்."

இல்லை. ஆர்டியில் உங்கள் பணத்தை வாங்கிக்கொண்டு வட்டி தருவது வங்கி. சீட்டில் உங்களுக்கு லாபம் தருவது உங்களைப் போலவே சீட்டுக் கட்டும் இன்னொருவர். அவருக்கு அவசரம். மொத்தப் பணத்தை முன்கூட்டியே வாங்க, ஒரு தொகையை விட்டுக்கொடுக்கிறார். அந்தத் தொகைதான் எல்லோருக்கும் பங்காக வருகிறது. சீட்டு நடத்துபவர் இடையில் நின்று வசூல் செய்கிறார், பொறுப்பு ஏற்கிறார், அதற்குக் கமிஷன் எடுக்கிறார்.

ஆகவே ஒரே சீட்டில் சிலர் சேமிப்பவர்கள், சிலர் கடன் வாங்குபவர்கள். நீங்கள் எந்தப் பக்கம் என்பதைச் சேருவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். "எப்ப வேணுமோ அப்ப எடுத்துக்கலாம்" என்று சேருகிறவர்கள்தான் பெரும்பாலும் பத்தாவது மாதம் வந்து கணக்குக் கேட்கிறார்கள்.

"ஒரு லட்ச ரூபாய் சீட்டு, மாசம் ஐயாயிரம்னாங்க. ஆனா இந்த மாசம் 3,750 கட்டினா போதும்னு மெசேஜ் வந்திருக்கு. ஏன்?"

இருபது பேர், இருபது மாதம், ஆளுக்கு 5,000 என்றால் மாத வசூல் ஒரு லட்சம். ஏலத்தில் ஒருவர் 30,000 தள்ளி, அதாவது விட்டுக்கொடுத்து, எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கைக்கு 70,000 போகும். தள்ளிய 30,000-இல், சீட்டுத் தொகைக்கு 5 சதவீதக் கமிஷன், அதாவது 5,000, நடத்துபவருக்கு. மிச்சம் 25,000-ஐ இருபதால் வகுத்தால் ஆளுக்கு 1,250. அதைக் கழித்துக்கொண்டுதான் 3,750 கட்டச் சொல்கிறார்கள். எடுத்தவருக்கும் அந்த 1,250 உண்டு. சில இடங்களில் கழிவை அதே மாதம் தருவார்கள், சில இடங்களில் அடுத்த மாதத் தவணையில் குறைப்பார்கள்.

மாதம் போகப் போக அவசரக்காரர்கள் ஒவ்வொருவராக எடுத்து முடித்துவிடுவார்கள். ஏலத்தில் போட்டி குறையும், தள்ளு (விட்டுக்கொடுக்கும் தொகை) குறையும். கடைசி மாதத்தில் ஏலமே இருக்காது. மிச்சமிருப்பவர் கமிஷன் போக 95,000 வாங்கிக்கொள்வார்.

"கடைசி வரைக்கும் எடுக்காம இருந்தா எவ்வளவு லாபம் நிக்கும்?"

மேலே சொன்ன சீட்டையே எடுத்துக்கொள்வோம். முதல் மாதம் தள்ளு 30,000. மாதாமாதம் சீராகக் குறைந்து கடைசியில் கமிஷன் 5,000 மட்டும் நிற்கிறது. இப்படி நடந்தால் இருபது மாதத்தில் நீங்கள் கட்டுவது 87,500. வாங்குவது 95,000. லாபம் 7,500.

இருபது மாதத்துக்கு 7,500 என்றதும் பலருக்கு முகம் வாடிவிடும். முழுத் தொகையும் இருபது மாதமும் சீட்டில் இருக்கவில்லையே! முதல் தவணை பத்தொன்பது மாதம் இருந்தது, கடைசித் தவணை ஒரு நாள்கூட இல்லை. சராசரியாகப் பார்த்தால் உங்கள் பணம் ஒன்பது மாதம்தான் வெளியில் இருந்திருக்கிறது. அந்தக் கணக்கில் ஆண்டுக்குப் பதினொரு சதவீதத்தை ஒட்டி வருகிறது. நம் பேச்சில் சொன்னால் ஒரு வட்டிக்கு, அதாவது மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய்க்கு, சற்றுக் குறைவு. அஞ்சலக ஐந்தாண்டு ஆர்டிக்கு 2023 அக்டோபரில் 6.7 சதவீதம் வைத்தார்கள். அதோடு ஒப்பிட்டால் இது கூடுதல்தான். ஆனால் அங்கே அரசு பொறுப்பு. இங்கே சேர்ந்திருக்கும் பத்தொன்பது பேரின் நாணயமும் நடத்துபவரின் நாணயமும்தான் பொறுப்பு.

"போன சீட்டுல நல்லா வந்துச்சு. இந்த வாட்டி போட்ட காசுதான் திரும்பி வந்திருக்கு. ஏமாத்திட்டாங்களா?"

ஏமாற்றாமலேயே அப்படி நடக்கும். மேற்படி சீட்டில் முதல் மாதத் தள்ளு 30,000-க்குப் பதில் 15,000-இல் தொடங்கிக் குறைந்துகொண்டே வந்தால், நீங்கள் கட்டும் மொத்தம் 95,000. கடைசியில் வாங்குவதும் 95,000. லாபம் பூஜ்யம். இருபது மாதம் காத்திருந்ததுதான் மிச்சம்.

சேர்ந்தவர்கள் எல்லோரும் சேமிக்க வந்தவர்களாக இருந்தால் இப்படித்தான் ஆகும். மாதச் சம்பளக்காரர்கள் மட்டும் கூடிப் போடும் அலுவலகச் சீட்டுகளில் தள்ளு ஏறாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கடைக்காரர்களும் வியாபாரிகளும் கலந்திருக்கும் சீட்டில் ஏறும். பிள்ளைகளுக்குக் கல்லூரிப் பணம் கட்டும் ஜூன் மாத ஏலத்தில் சட்டென்று ஏறும். சேமிப்புக்காகச் சேருகிறவர்கள், அதே நிறுவனத்தில் முடிந்துபோன ஒரு சீட்டின் மாதவாரித் தள்ளுக் கணக்கைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஒளிவுமறைவு இல்லாதவர்கள் காட்டுவார்கள்.

"எனக்கு அவசரம். முதல் மாசமே எடுத்துட்டா எவ்வளவு வட்டி ஆகும்?"

நம் உதாரணத்தில் 70,000 வாங்குகிறீர்கள். கட்டி முடிக்கும்போது மொத்தம் 87,500 கட்டியிருப்பீர்கள். கூடுதல் 17,500. இதை மாத வட்டியாக மாற்றினால் நூற்றுக்கு இரண்டரை ரூபாயை ஒட்டி வரும். இரண்டரை வட்டிக் கடன்.

தண்டலுக்கும் மீட்டர் வட்டிக்கும் போவதைவிட இது எவ்வளவோ மேல். அடமானம் வைக்க எதுவும் இல்லாத குடும்பத்துக்குச் சீட்டு கைகொடுக்கிறது என்பதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் பீரோவில் நகை இருக்கும்போது சீட்டைத் தள்ளி எடுப்பது வீண். வங்கி நகைக்கடன் பொதுவாக ஒரு வட்டிக்குள்ளேயே முடிந்துவிடும். நகையை வைத்துவிட்டுச் சீட்டை விடாமல் கட்டி, தள்ளு குறைந்த பிறகு எடுத்து நகையை மீட்டால் அந்த வித்தியாசம் உங்கள் வீட்டிலேயே நிற்கும்.

"சரி, எந்த மாசம் எடுத்தா நஷ்டமில்லை?"

நம் உதாரணத்தில் பதினான்காவது மாதம் வரை எடுப்பவர் கைக்கு வருவது, அவர் கட்டும் மொத்தத்தைவிடக் குறைவு. பதினைந்திலிருந்துதான் கூடுகிறது. நிஜச் சீட்டில் தள்ளு இவ்வளவு சீராகக் குறையாது. ஆனாலும் முக்கால்வாசி ஓடிய பிறகுதான் சேமிப்பவருக்கு லாபம் என்பது பெரும்பாலும் பொருந்தும்.

பத்தாவது மாதம் எடுத்தவரை நஷ்டப்பட்டவர் என்று சொல்லிவிட முடியாது. அதுவரை அவர் சேமித்தார், அதன் பிறகு கடன்காரர். அந்தப் பணம் எதற்குப் போனது என்பதைப் பொறுத்தது அது. தையல் மிஷின் வாங்கிச் சம்பாதிக்கத் தொடங்கியிருந்தால், வாங்கியதைவிட 5,000, 6,000 கூடுதலாகக் கட்டுவது ஒரு பொருட்டே இல்லை. சும்மா கையில் வைத்திருக்க எடுத்திருந்தால்தான் இழப்பு.

"கமிஷன் அஞ்சு சதவீதமா, ஏழு சதவீதமா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

1982-ஆம் ஆண்டின் மத்திய சீட்டு நிதிச் சட்டம் உச்சவரம்பாக 5 சதவீதம் வைத்திருந்தது. 2019-இல் வந்த திருத்தம் அதை 7 ஆக்கியது. ஏழுக்கு மேல் எடுப்பது சட்டப்படி தப்பு. கமிஷனுக்கு ஜிஎஸ்டியும் உண்டு. அது யார் தலையில் விழுகிறது என்று ஒப்பந்தத்தில் பாருங்கள்.

இரண்டு சதவீதம்தானே என்று விட்டுவிடாதீர்கள். நம் உதாரணச் சீட்டில் கமிஷனை மட்டும் 7,000 ஆக்கினால், கடைசியில் எடுப்பவர் கட்டுவது 88,500, வாங்குவது 93,000. லாபம் 7,500-இலிருந்து 4,500-க்கு இறங்கிவிடும். சேமிக்க வருகிறவர் சேருவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். பல ஒப்பந்தங்களில் முதல் மாதச் சீட்டை நடத்துபவரே தள்ளு இல்லாமல் எடுத்துக்கொள்ள இடமிருக்கும். சட்டம் அதை அனுமதிக்கிறது. அந்த மாதம் நீங்கள் முழுத் தவணை கட்ட வேண்டியிருக்கும்.

"கம்பெனி பதிவு பண்ணினதுதான்னு ஏஜென்ட் சொல்றார். நம்பலாமா?"

கம்பெனி பதிவாகியிருப்பது வேறு, நீங்கள் சேரும் சீட்டு பதிவாகியிருப்பது வேறு. இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எந்த வியாபாரம் செய்கிறவரும் கம்பெனி பதிவு வாங்கிவிடலாம். ஆனால் ஒவ்வொரு சீட்டுக் குழுவுக்கும் அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டும், ஒப்பந்தத்தைச் சீட்டுப் பதிவாளரிடம் பதிய வேண்டும், சீட்டுத் தொகைக்கு ஈடாக அவரிடம் பிணை வைக்க வேண்டும், தொடங்குவதற்கான சான்றும் பெற வேண்டும். தமிழ்நாட்டில் இது பதிவுத்துறையின் கீழ் வருகிறது. பத்திரப்பதிவு பார்க்கும் அதே துறை.

ஆகவே ஏஜென்டிடம் கேட்க வேண்டியது, "இந்தக் குழுவோட பதிவு எண் என்ன, ஒப்பந்த நகல் எங்கே?" என்று. கையில் வாங்கி, உங்கள் குழு எண்ணும் சீட்டுத் தொகையும் மாதமும் அதில் இருப்பதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் அந்தத் தாளோடு மாவட்டப் பதிவாளர் அலுவலகம் போய் விசாரியுங்கள். இன்னும் இரண்டு அடையாளங்கள் உண்டு. சட்டப்படி சீட்டு நடத்தும் நிறுவனத்தின் பெயரிலேயே சீட்டு நிறுவனம் என்று காட்டும் சொல் இருக்க வேண்டும். அரசின் அனுமதியின்றி அது வேறு தொழிலும் செய்யக் கூடாது. "சீட்டு எடுத்த பணத்தை எங்ககிட்டயே டெபாசிட்டா போடுங்க, ஒன்றரை வட்டி தர்றோம்" என்று ஒரு சீட்டுக் கம்பெனி சொன்னால், பணத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

"எங்க தெரு அக்கா வருஷக்கணக்கா நடத்தறாங்க. ஒரு பைசா தப்பினதில்லை. அவங்ககிட்ட போடறதுல என்ன தப்பு?"

அந்த அக்கா நல்லவராகவே இருக்கலாம். பெரும்பாலான தெருச் சீட்டுகள் நல்ல மனிதர்களால்தான் நடக்கின்றன. அவை முறியும்போதும் நடத்துபவர் திட்டமிட்டு ஏமாற்றியிருக்க வேண்டும் என்பதில்லை. முன்கூட்டியே எடுத்த இரண்டு பேர் கட்டாமல் விட்டால், அந்தப் பணத்தை நடத்துபவர் கைக்காசிலிருந்து போட வேண்டும். ஒரு மாதம் போடுவார், இரண்டு மாதம் போடுவார். பிறகு அதை நிரப்ப இன்னொரு சீட்டுத் தொடங்குவார். அந்த இரண்டாவது சீட்டு முதல் சீட்டின் ஓட்டையை அடைக்கத் தொடங்கிய நாளிலிருந்து எல்லோருடைய பணமும் ஆபத்தில்தான். வெளியில் எதுவும் தெரியாது. ஏலம் ஒழுங்காக நடக்கும், பட்டுவாடா மட்டும் "அடுத்த வாரம்" என்று தள்ளும்.

பதிவில்லாத சீட்டு நடத்துவது சட்டத்துக்குப் புறம்பானது என்பதை அறிந்துகொண்டுதான் முடிவெடுக்க வேண்டும். பதிவாளரிடம் பிணை இல்லை, முறையிட அந்த வழியும் இல்லை. உறவுக்காகச் சேர்ந்தே தீர வேண்டும் என்கிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: போனால் குடும்பம் ஆடாது என்ற அளவுக்குள் தொகையை வையுங்கள், பணத்தை ரொக்கமாகத் தராமல் வங்கி வழியாக அனுப்புங்கள், மாதாமாதம் நோட்டில் கையெழுத்து வாங்குங்கள். "அக்காகிட்ட போய் கையெழுத்துக் கேக்கறதா?" என்று கூசாதீர்கள். அது அவருக்கும் பாதுகாப்பு.

"ரிசர்வ் பேங்க் இருக்கே? அஞ்சு லட்சம் வரைக்கும் இன்சூரன்ஸ்னு சொல்றாங்களே?"

அந்த ஐந்து லட்சக் காப்பீடு வங்கியில் போடும் வைப்புக்கு மட்டும்தான். சீட்டுக்குக் கிடையாது. சீட்டை மேற்பார்வை செய்வது மாநில அரசின் சீட்டுப் பதிவாளர்.

"ஏலத்துல எடுத்துட்டேன். இப்போ மூணு ஜாமீன் கொண்டு வான்னு அலைய விடறாங்க. என் பணத்தைத் தர ஏன் ஜாமீன்?"

அதில் உங்கள் பணம் கொஞ்சம்தான். நான்காவது மாதம் எடுத்தால் நீங்கள் கட்டியது நான்கு தவணை, மிச்சமெல்லாம் மற்றவர்கள் கட்டியது. பாக்கிப் பதினாறு தவணைக்கு உறுதி கேட்க நடத்துபவருக்கு உரிமை உண்டு. அப்படிக் கேட்பதுதான் எடுக்காமல் இருக்கும் மற்றவர்களைக் காப்பாற்றுகிறது. ஆனால் என்ன ஜாமீன், எத்தனை பேர், சம்பளச் சான்று வேண்டுமா, சொத்துப் பத்திரம் வேண்டுமா என்பதை எடுத்த பிறகு சொல்வது நியாயமில்லை. சேரும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அரசு ஊழியர் ஜாமீன்தான் வேண்டும் என்று நிபந்தனை இருந்து, உங்களுக்கு அப்படி ஒருவரும் இல்லையென்றால், அந்தச் சீட்டு உங்கள் அவசரத்துக்கு உதவாது.

ஜாமீன் தரத் தாமதமானால் அந்தத் தொகையை நிறுவனம் தன் செலவுக்கு எடுத்துக்கொள்ள முடியாது. தனி வங்கிக் கணக்கில் போட்டுவைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. போட்டதற்கான விவரத்தைக் கேளுங்கள்.

"என் மச்சான் சீட்டு எடுக்கறார். சும்மா ஒரு கையெழுத்துதான், போடுங்க மாமாங்கறார்."

அது சும்மா கையெழுத்து இல்லை. எடுத்தவர் தவணை தவறினால், பாக்கித் தவணைகள் மொத்தத்தையும் ஒரே தடவையில் கட்டச் சொல்லி நோட்டீஸ் அனுப்ப நிறுவனத்துக்கு அதிகாரம் இருக்கிறது. மச்சான் கட்டாவிட்டால் அது உங்களிடம் வரும். நீங்கள் மாதச் சம்பளக்காரர், அவர் வியாபாரி என்றால் முதலில் உங்களிடம்தான் வரும்.

பாக்கி எத்தனை தவணை, மொத்தம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்தத் தொகையை மச்சானுக்குக் கைமாற்றாகக் கொடுப்பீர்களா என்று உங்களையே கேளுங்கள். கொடுப்பேன் என்றால் போடுங்கள். இல்லையென்றால் தங்கச்சி முகம் கோணினாலும் இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

"வேலை போயிடுச்சு, நடுவுல நிறுத்தினா என்ன ஆகும்?"

எடுத்தவரா, எடுக்காதவரா என்பதைப் பொறுத்தது. எடுத்தவருக்கு மேலே மச்சான் கதையில் சொன்னதுதான். எடுக்காதவர் நிறுத்தினால், நோட்டீஸ் கொடுத்து அவரை நீக்கி வேறு ஆளைச் சேர்ப்பார்கள். கட்டிய பணம் போய்விடாது. ஒப்பந்தத்தில் சொன்ன பிடித்தம் போகத் திரும்பக் கிடைக்கும், ஆனால் உடனே கிடைக்காது. அதைவிட நல்லது, உங்களுக்குப் பதில் கட்ட ஒருவரை நீங்களே பிடித்து, நிறுவனத்தின் ஒப்புதலோடு எழுத்துமூலம் சீட்டை மாற்றிக்கொடுப்பது. தவணை தவறிய பிறகு போனால் பேச்சு எடுபடாது. தவறும் என்று தெரிந்த உடனே போங்கள்.

"நகைக்கடையில பதினோரு மாசம் கட்டற சீட்டும் இதே சட்டம்தானா? தீபாவளிச் சீட்டு?"

இல்லை. நகைக்கடையில் நீங்கள் கட்டுவது பொருளுக்கான முன்பணம். 365 நாளுக்குள் பொருளைத் தந்துவிட்டால் அது டெபாசிட் கணக்கில் வராது என்று கம்பெனி விதிகளில் இருக்கிறது. அதனால்தான் பெரும்பாலான கடைகளில் பதினோரு மாதம். அங்கே ஏலம் கிடையாது, பதிவாளரிடம் பிணை கிடையாது. கடை மூடினால், கடைக்குக் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் நீங்களும் ஒருவர். சேருமுன் ஒன்றைக் கேளுங்கள்: கட்டும் நாள் விலைக்குக் கிராமாக வரவு வைப்பார்களா, ரூபாயாகவே சேர்த்துக்கொண்டு கடைசி நாள் விலைக்குத் தருவார்களா? தங்கம் ஏறும் காலத்தில் இரண்டாவது வகையில், செய்கூலி சேதாரத்தில் விட்டுக்கொடுத்ததை விலையேற்றம் தின்றுவிடும்.

தீபாவளிச் சீட்டில் பட்டாசு, பலகாரம், எண்ணெய், வெள்ளிக் காசு என்று ஒரு பட்டியல் கொடுப்பார்கள். அதை மளிகைக் கடை விலைக்கு ஒருமுறை கூட்டிப் பாருங்கள். வருடம் முழுக்கக் கட்டியதைவிடக் கூட்டுத்தொகை மிக அதிகமாக வந்தால், அந்தக் கூடுதல் எங்கிருந்து வருகிறது என்று நடத்துபவரால் சொல்ல முடிய வேண்டும். ஆள் சேர்த்தால் பரிசு, தொடர்ந்து ஆள் சேர்த்தால் கார் என்றெல்லாம் வந்தால் நிற்காதீர்கள். அப்படிப்பட்ட பரிசுச் சீட்டுகளையும் பணச் சுழற்சித் திட்டங்களையும் 1978-லேயே சட்டம் போட்டுத் தடை செய்தாகிவிட்டது.

"பணம் தராம இழுத்தடிக்கறாங்க. எங்கே போறது? கோர்ட்டுக்குப் போனா வருஷக்கணக்காகுமே?"

பதிவான சீட்டாக இருந்தால் சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை, போகவும் முடியாது. சீட்டுத் தகராறைப் பதிவாளரிடமே மத்தியஸ்தத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதுதான் சட்டம். ஒப்பந்த நகல், பாஸ்புக், கட்டிய ரசீதுகள், ஏலத்தில் எடுத்ததற்கான தாள் ஆகியவற்றோடு மனுக் கொடுங்கள். மனுவுக்குக் காலவரம்பு உண்டு, "அடுத்த மாதம் தருகிறேன்" என்ற வாய்வார்த்தையை நம்பி ஆண்டுகளை ஓட்டாதீர்கள்.

பதிவில்லாத சீட்டாக இருந்தால் காவல்துறைதான் வழி. பலரிடம் பெரிய தொகை வசூலித்து ஏமாற்றிய வழக்குகளைப் பொருளாதாரக் குற்றப்பிரிவு எடுக்கிறது. 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டப்படி சொத்துகளை முடக்கி ஏலம்விட வழி இருக்கிறது. அதற்கான தனி நீதிமன்றங்கள் சென்னையிலும் மதுரையிலும் கோவையிலும் உள்ளன. தனியாகப் போகாமல், சேர்ந்தவர்கள் எல்லோருமாகப் பெயர், கட்டிய தொகை, தேதி, ஆதாரம் என்று ஒரே பட்டியலாக எழுதிக்கொண்டு போங்கள். வீட்டு வாசலில் கூட்டம் போட்டு மிரட்டி, வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்க வேண்டாம். பிறகு உங்கள் மேலேயே வழக்குத் திரும்பும். பேசித் தீர்ப்பதாக நடத்துபவர் முன்வந்தால், யாருக்கு எவ்வளவு, எந்தத் தேதியில் என்று எழுதி வாங்கிக்கொண்டு, பாஸ்புக்கின் அசலை மட்டும் முழுப் பணமும் கைக்கு வரும்வரை கொடுக்காதீர்கள்.